வாசகர் கேள்வி பதில்: அணு உலை விபத்துக்குப் பின் ஓர் ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?

ஜப்பானின் ஃபுகுஷிமா கடலோர ஊர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில், விபத்தின் அறிவியலைவிட அதற்குப் பிந்திய பிழைப்பைப் பற்றிய கேள்விகளே மிகுதி. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், தெளிவாக எழுதப்பட்டிருந்த கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்: 2011-இல் காலி செய்யப்பட்ட ஊர்கள் மீண்டுவிட்டன என்று ஒரு செய்தியும், அவை பேய் ஊர்களாகக் கிடக்கின்றன என்று இன்னொரு செய்தியும் படிக்கிறேன். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை வெவ்வேறு ஊர்களைப் பற்றியவை. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஏற்பட்ட 9.0 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பை முடக்கின; மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. எண்ணிக்கை உச்சத்தில் இருந்த 2012-இல், ஃபுகுஷிமா மாகாணத்தில் வீடு விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் 1.6 லட்சத்துக்கும் மேல். வெளியேற்ற ஆணை எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் நீங்கவில்லை. நராஹாவுக்கு 2015 செப்டம்பரில் நீங்கியது. நமியே, இத்தாத்தே, தொமியோக்கா ஆகியவற்றின் பெரும்பகுதிக்கு 2017 வசந்த காலத்தில். ஒகுமாவின் ஒரு பகுதிக்கு 2019 ஏப்ரலில். உலையை ஒட்டிய ஃபுதாபாவில் மக்கள் மீண்டும் குடியிருக்க அனுமதி கிடைத்தது 2022 ஆகஸ்ட் 30 அன்று.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்றைய மக்கள்தொகையை எழுதிப் பாருங்கள். முதலில் திறந்த நராஹாவில் பழைய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆள்கள் இருக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் மூடிக் கிடந்த நமியேயில் முன்பு 21,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டிய அளவு. பதினொரு ஆண்டுகள் மூடிக் கிடந்த ஃபுதாபாவில் ஏழாயிரம் பேர் இருந்த இடத்தில் ஏறக்குறைய இருநூறு பேர். கதிர்வீச்சின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதும் ஒரு காரணந்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை காலமே பெரிய காரணம். முதல் வகுப்பில் இருந்தபோது ஊரைவிட்ட பிள்ளை, ஊர் திறக்கும்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. தகப்பனுக்கு அதே மாகாணத்தின் வேறு நகரங்களான இவாக்கியிலோ கோரியாமாவிலோ வேலை கிடைத்துவிட்டது. இழப்பீட்டுப் பணத்தில் அங்கேயே வீடு வாங்கியாகிவிட்டது. கைவிட்ட வீட்டில் கூரை ஒழுகி, காட்டுப்பன்றி குட்டி போட்டிருக்கிறது. உலைக்கு அருகிலிருந்த ஊர்களில் அரசு எடுத்த கணக்கெடுப்புகளில், திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்ன குடும்பங்கள் பாதியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தன. காலியான இடம் காலியாகவே காத்திருப்பதில்லை. கீழே வரும் கேள்விகள் பலவற்றுக்கும் விடை தேடிப் போனால் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறோம்.

அரிசி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர்: ஃபுகுஷிமா அரிசியை மூட்டைக்கு மூட்டை சோதித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் விலை ஏன் பழைய நிலைக்கு ஏறவில்லை?

பதில்: வியாபாரியான உங்களுக்கு இந்தப் பதிலில் பாதி முன்பே தெரிந்திருக்கும். சோதனையைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2012 அறுவடையிலிருந்து அந்த மாகாணம் விளைந்த அரிசியை ஒரு மூட்டை விடாமல் அளந்தது. 30 கிலோ பழுப்பரிசி மூட்டை நகரும் பட்டையில் ஏற்றப்பட்டு, உணரிகள் பொருத்திய பெட்டிக்குள் நுழைந்து, சில விநாடிகளில் மறுபுறம் வரும். தேறிய மூட்டையின் மேல் எண்ணிட்ட சீட்டு ஒன்று ஒட்டப்படும். சீட்டில்லாத மூட்டை விற்பனைக்குப் போகாது. ஏறக்குறைய 200 இயந்திரங்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி மூட்டைகள். கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டியவை 2012-இல் 71 மூட்டைகள், 2013-இல் 28, 2014-இல் 2. 2015 முதல் ஒன்றுகூட இல்லை. அதனால் 2020 அறுவடையிலிருந்து பெரும்பாலான ஊர்களில் மாதிரிச் சோதனை போதும் என்று முடிவு செய்தார்கள்.

இந்த எண்கள் தாமாக இறங்கவில்லை. விபத்தில் வெளியாகி மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருள் சீசியம். அதுவும் பொட்டாசியமும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மண்ணில் பொட்டாசியம் குறைந்திருந்தால் நெல்லின் வேர் சீசியத்தை இழுத்துக்கொள்ளும், நிறைந்திருந்தால் பெருமளவு விட்டுவிடும். ஆகவே வயல் வயலாக மண்ணைச் சோதித்துப் பொட்டாஷ் உரம் இட்டார்கள். பழத்தோட்டக்காரர்கள் 2011-12 குளிர்காலத்தில் ஏணி வைத்து ஏறி, மரம் மரமாகப் பட்டையைச் சுரண்டியும் அழுத்த நீரால் கழுவியும் எடுத்தார்கள். அதிலும் அவர்களுக்குக் கைகொடுக்காத ஒரு பண்டம் இருந்தது. தாத்தே வட்டாரத்தின் பெருமைக்குரிய உலர்த்திய சீமைப் பனிச்சைப் பழம், பச்சையாக இருக்கும்போது வரம்புக்குள் நிற்கும். காயக் காய நீர் வற்றி, அதே சீசியம் குறைந்த எடைக்குள் அடர்ந்து, வரம்பைத் தாண்டிவிடும். இரண்டு பருவங்கள் உலர்த்துவதையே நிறுத்தி வைத்தார்கள். பரணில் வரிசையாகக் கயிற்றில் தொங்கவேண்டிய பழங்கள் தோட்டத்திலேயே உதிர்ந்தன. 2013-இல்தான் மறுபடி தொங்கவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. 2011-க்குப் பிறகு பெரிய அங்காடிகளில் ஃபுகுஷிமாவின் பெயரைத் தாங்கிய பை இருந்த தட்டில் வேறு மாகாணத்து அரிசி வந்து உட்கார்ந்தது. அது நன்றாகவே விற்றது. நான்கைந்து ஆண்டுகள் கழித்து அரிசி சுத்தமாகிவிட்டது என்று சான்றோடு வந்து நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் சரக்கை எடுத்துவிட்டு இதை வைக்க அங்காடிக்காரருக்கு என்ன அவசியம்? ஆகவே அந்த அரிசியில் பெரும்பகுதி உணவகங்களுக்கும் பெட்டிச் சோறு தயாரிப்பவர்களுக்கும் போனது. அங்கே தரம் பார்ப்பார்கள். ஊர்ப் பெயருக்குத் தனி விலை கொடுக்கமாட்டார்கள். சரக்கு தேங்கவில்லை, பெயரில்லாமல் விற்றது. மாட்டிறைச்சியிலும் பீச் பழத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஜப்பானில் இதை ‘ஃபூஹியோ ஹிகாய்’ என்பார்கள். பேச்சால் வந்த கேடு என்று சொல்லலாம். அந்தச் சொல் எனக்கு முழுவதும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது பழியை வாங்குபவர்மேல் போடுகிறது. அரசு நுகர்வோர் முகமை ஆண்டுதோறும் நடத்திய ஆய்வில், ஃபுகுஷிமாப் பொருளை வாங்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் 2013-இல் ஏறக்குறைய ஐவரில் ஒருவர். பத்தாண்டுகளில் அது ஏறக்குறைய இருபதில் ஒருவராகிவிட்டது. இடையிலிருக்கும் வணிகர்களோ வாடிக்கையாளரின் தயக்கத்தை உள்ளதைவிடப் பெரிதாக மதிப்பிட்டிருந்தார்கள் என்பது வேளாண் அமைச்சகத்தின் ஆய்வுகளில் தெரியவந்தது. வாங்குபவரை விட்டுப் போன அச்சம் விற்பவரை விட்டுப் போகவில்லை. இதற்கு விதிவிலக்காக நின்றது அந்த மாகாணத்தின் சாக்கே என்ற அரிசி மது. தேசிய மதுத் தரத் தேர்வில் தொடர்ந்து ஒன்பது முறை மிக அதிகத் தங்க விருதுகளை 2022 வரை ஃபுகுஷிமாவே பெற்றது. அது எளிதில் பெயரிழக்காததற்கு ஒரு காரணம், ஊர்ப் பெயரைவிட மது வடிப்பவரின் பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கம் அந்தத் தொழிலில் வேரூன்றியிருந்தது.

வேளாண் கல்லூரி மாணவி: மேல்மண்ணை அகற்றினால் நிலம் சுத்தமாகிவிடுமே. பிறகு பயிரிடுவதில் என்ன தடை?

பதில்: சீசியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு மேலேயே தங்கிவிடும் என்பதால், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சீவி எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும் என்பது சரி. ஆனால் அந்த 5 சென்டிமீட்டரில்தான் தலைமுறை தலைமுறையாகத் தொழுவுரம் இட்டுச் சேர்த்த வளமும் இருந்தது. அதை வாரிக் கறுப்புப் பைகளில் கட்டிவிட்டு மலைமணலைக் கொட்டி நிரவிக் கொடுத்தார்கள். கலப்பை இறங்கியதும் கல் தட்டுப்படுகிறது, நீர் நிற்பதில்லை, பயிர் வெளிறுகிறது என்று இத்தாத்தேயின் உழவர்கள் சொன்னதில் வியப்பில்லை. அந்த நிலத்தை மீண்டும் மண்ணாக்குவதற்குச் சில பருவங்கள் பசுந்தாள் பயிரிட்டு மடக்கி உழவேண்டும். வருமானம் வராத அந்தப் பருவங்களைத் தாங்கும் வயது, அங்கே திரும்பிய பலருக்கு இல்லை. அதனால் சிலர் மண்ணை அதிகம் நம்பாத வழிக்குப் போனார்கள். கவாமத்தாவின் யமகியாவில் செயற்கை ஊடகத்தில் ஆந்தூரியம் மலரும், நமியேயில் பசுமைக்குடில் மலர்களும் பயிராகின்றன. பூவை யாரும் உண்பதில்லையே.

வாரிய மண் எங்கே போனது என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய 1.4 கோடி கன மீட்டர், ஒகுமாவும் ஃபுதாபாவும் உலையைச் சுற்றி விட்டுக்கொடுத்த 1,600 ஹெக்டேரில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 2045-க்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். மாகாணத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு பரப்பு காடு. அதில் பெரும்பகுதியைத் தொடக்கூட முடியவில்லை. காளானும் காட்டுக் கீரையும் விற்று ஒரு கைச்செலவு பார்த்துவந்த முதியவர்களின் வருமானம் திரும்பாத வருமானங்களில் ஒன்று.

கடலோர ஊரைச் சேர்ந்த ஆசிரியர்: சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும் ஃபுகுஷிமா மீனவர்கள் மறுபடி அழிந்துபோனார்களா?

பதில்: அழியவில்லை, ஆனால் அடி வேறொரு இடத்தில் விழுந்தது. கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும். 2012 ஜூனில் சோமா துறைமுகத்திலிருந்து ‘சோதனை மீன்பிடிப்பு’ என்ற பெயரில் வாரத்தில் சில நாள் மட்டும் படகுகள் போகத் தொடங்கின. முதலில் அனுமதித்தவை இரண்டு வகை ஆக்டோபசும் ஒரு வகைக் கடல்நத்தையும் மட்டுமே. அவற்றின் உடலில் சீசியம் தங்குவதில்லை. பிறகு ஒவ்வொரு மீனாகச் சோதித்துப் பட்டியலை நீட்டினார்கள். அரசின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் என்றால், மீன்பிடி கூட்டுறவுச் சங்கம் தனக்குத் தானே 50 என்று வைத்துக்கொண்டது. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு வகையிலும் மாதிரி எடுத்து, அரைத்து, அளந்த பிறகே ஏலம். ஒன்பது ஆண்டுகள் இப்படி ஓடி, 2021 மார்ச்சில்தான் ‘சோதனை’ என்ற சொல் நீங்கியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வலை வீசாத ஆண்டுகளில் ஃபுகுஷிமாக் கடலில் தட்டைமீன்கள் பெருகிவிட்டன. கடலுக்குப் போனவர்கள் பெரிய மீன்களைப் பார்த்தார்கள். கடலில் மீன் ஏறியபோது கரையில் ஏலம் எடுப்பவர்களும், பதப்படுத்துபவர்களும், இரவோடு இரவாக டோக்கியோவுக்கு ஏற்றுபவர்களும் குறைந்துபோயிருந்தார்கள். அதிகமாகப் பிடித்துவந்தால் வாங்க ஆளில்லாமல் விலை சரியும் என்பதால், பிடிக்க முடிந்ததையும் பிடிக்காமல் விட்டார்கள். 2020-களின் தொடக்கத்திலும் கரையோர மீன்வரத்து 2010-இன் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்த நிலையில்தான் 2023 ஆகஸ்ட் 24 அன்று, உலைகளைக் குளிர்வித்துத் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடுவது தொடங்கியது. நீரிலிருந்து பிரிக்கக் கடினமான கதிரியக்க ஹைட்ரஜனாகிய டிரிட்டியம் தவிர்த்த பெரும்பாலான கதிரியக்கப் பொருள்களை நீக்கி, எஞ்சிய டிரிட்டியத்தை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழ் வரும்வரை கடல்நீரால் நீர்க்கச் செய்து விடுகிறார்கள்; உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. சீனா அன்றே ஜப்பானிய மீன்பொருள் அனைத்துக்கும் தடை போட்டது. ஃபுகுஷிமா மீனை உள்நாட்டு மக்கள் பரிவோடு வாங்கினார்கள். விலை பெரிதாக விழவில்லை. சீனச் சந்தையை நம்பியிருந்த வடக்கேயுள்ள ஹொக்கைதோவின் விசிறிச்சிப்பித் தொழில்தான் தடுமாறியது. வணிகத்தில் கேடு விபத்து நடந்த இடத்தின் எல்லைக்குள் நிற்பதில்லை.

மீனவர்களின் மனக்குறை வேறு. ‘சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் நீரை அப்புறப்படுத்தமாட்டோம்’ என்று 2015-இல் அரசும் உலையை நடத்திய மின்நிறுவனமும் மாகாண மீனவர் கூட்டமைப்புக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருந்தன. கூட்டமைப்பு கடைசிவரை எதிர்ப்பை விலக்கிக்கொள்ளவில்லை, நீர் விடப்பட்டது. அதற்கு ஈடாக 30,000 கோடி, 50,000 கோடி என்று பேசும் இரண்டு நிதிகள் உண்டா என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார்; எண்ணில் ஒரு சுழியம் கூடிவிட்டது. பெயர்க்கேட்டுக்கு 3,000 கோடி யென்னும், மீன்பிடித் தொழில் தொடர்வதற்கு 5,000 கோடி யென்னும் ஒதுக்கினார்கள். நிதி இருக்கிறது. தகப்பனுக்குப் பின் படகை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் இளைஞனுக்கு, அடுத்த முறை கொடுக்கப்படும் வாக்குறுதியை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் கணக்கு.

இல்லத்தரசி ஒருவர்: மாதாமாதம் இழப்பீடு கொடுத்தால் உழைக்கும் எண்ணம் போய்விடாதா? அந்தப் பணத்தைத் தொழில் தொடங்கக் கொடுத்திருக்கக் கூடாதா?

பதில்: இந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது, சிறிது கடுமையும் இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு மனவேதனைக்கான இழப்பீடாக ஆளுக்கு மாதம் 1 லட்சம் யென் வழங்கப்பட்டது; வீடு, நிலம், தொழில் இழப்புக்குத் தனிக் கணக்கு. அது செய்த தவறுக்குக் கொடுக்கும் கடன். அதை வாங்கியவர் உழைக்கிறாரா என்று பார்ப்பது நம் வேலையில்லை.

ஆனால் கோடு போட்ட விதம் ஊர்களைப் பிரித்துவிட்டது. மினாமிசோமா ஒரே நகரம். உலையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட பகுதி, 20 முதல் 30 வரை, அதற்கு அப்பால் என்று மூன்றாகப் பிளந்தது. ஒரே சந்தைக்குப் போனவர்கள், ஒரே குதிரைத் திருவிழாவில் நின்றவர்கள், வெவ்வேறு தொகை பெற்றார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்து தங்கிய இவாக்கியில் வாடகையும் நிலவிலையும் ஏறின. மருத்துவமனை வரிசை நீண்டது. ‘பாதிக்கப்பட்டவர்களே, திரும்பிப் போங்கள்’ என்று 2012 டிசம்பரில் அரசுக் கட்டடங்களின் சுவரில் யாரோ எழுதிவைத்தார்கள். சூதாட்ட விளையாட்டுக் கூடங்களில் அகதிகள் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பேச்சும் அங்கே பரவியது. வயலை இழந்த அறுபது வயது மனிதர் காலை எட்டு மணிக்கு வேறு எங்கே போவார் என்று பேசியவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள்.

உங்கள் அச்சத்துக்கு வலுவான சான்று, 1986-இல் அணு உலை வெடித்த செர்னோபிலில் இருக்கிறது. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா மூன்றிலுமாக ஏறக்குறைய 70 லட்சம் பேர் ஏதாவதொரு செர்னோபில் சலுகைக்கு உரியவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். 1991-இல் பெலாரஸ் தன் தேசிய வரவுசெலவில் ஏறக்குறைய 22 விழுக்காட்டை இதற்குச் செலவிட்டது. பணம் இத்தனை பேருக்குப் பிரிந்ததால் ஒருவருக்கும் வாழ்வை மாற்றும் அளவுக்குப் போதவில்லை. பட்டியலில் இருந்து விழுந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் எல்லாருக்கும் இருந்தது. 2002-இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் அறிக்கை, உதவியைத் தன்காலில் நிற்கும் வளர்ச்சியின் பக்கம் திருப்பச் சொன்னது. அதற்குள் விபத்து நடந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழிலுக்கான முதலும் இழப்பீடும் ஒன்றையொன்று விழுங்காமல் தொடக்கத்திலேயே தனித்தனியாக வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதே என் எண்ணமும்.

பொறியியல் மாணவர்: ரோபோ, ஹைட்ரஜன் என்று உயர்தொழில்நுட்பத்தை அங்கே கொண்டுவருகிறார்களே, அதுதானே சரியான வழி?

பதில்: ஒரு வழி. 2014-இல் வகுக்கப்பட்ட ‘ஃபுகுஷிமா புத்தாக்கக் கடற்கரை’த் திட்டத்தின்படி மினாமிசோமாவில் ரோபோ சோதனைக் களமும், நமியேயில் 20 மெகாவாட் சூரியத் தகடுகளோடு 10 மெகாவாட் நீர்ப்பகுப்பு ஹைட்ரஜன் நிலையமும் 2020-இல் முழு அளவில் வந்தன, 2023 ஏப்ரலில் நமியேயைத் தலைமையிடமாகக் கொண்டு ஆய்வு நிறுவனமும் தொடங்கியது. ஹைட்ரஜன் நிலையம் நிற்கும் இடம் சுவையானது. அதே நிலத்தில் மற்றோர் அணுமின் நிலையம் கட்ட வேறொரு மின்நிறுவனம் திட்டமிட்டிருந்தது; உள்ளூர் உழவர்கள் பல பத்தாண்டுகள் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் இழுத்தடித்தார்கள்; 2013-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் இதே காலத்தில் ஃபுகுஷிமாக் கடலில் நட்ட மூன்று மிதக்கும் காற்றாலைகளையும் நினைவில் வையுங்கள். மீட்சியின் அடையாளம் என்று 2013-இல் தொடங்கி, ஏறக்குறைய 6,000 கோடி யென் செலவழித்து, இலாபம் வராது என்று கழற்றிவிட்டார்கள். ஊருக்கு மிஞ்சியது என்ன என்ற கேள்வியைக் காகிதத்தில் வரைந்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடற்கரை இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு முறை படித்தது. உலை வருமுன் குளிர்காலத்தில் டோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போன ஊர்கள் அவை. உலை வந்ததும் வேலையும், 1974-இல் இயற்றிய சட்டங்களின் வழியே மானியமும் வந்தன. ஃபுகுஷிமா தாய்ச்சியில் உற்பத்தியான மின்சாரமோ டோக்கியோ வட்டாரத்துக்கே போனது. அந்த ஊர்களின் விளக்குகள் வேறொரு நிறுவனத்தின் மின்சாரத்தில் எரிந்தன. ‘அணுசக்தி: ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்’ என்ற அலங்கார வளைவு ஃபுதாபாவின் கடைத்தெருவில் நின்றது, பள்ளி மாணவன் ஒருவன் எழுதிப் பரிசு பெற்ற வாசகம் அது. இப்போது அந்தப் பலகை அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே முதலாளியை நம்பிய ஊர்களில் இன்றும் பெரிய முதலாளி அந்த உலைதான். நாள்தோறும் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கலைக்கும் வேலைக்குப் போகிறார்கள். 30 முதல் 40 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்ட வேலை அது. 880 டன் உருகிய எரிபொருளில் 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவு.

நமியேயின் உகெதோ துறைமுகத்தில் கடலை ஒட்டியிருந்த ஒரு சாக்கே மதுவடிப்பகத்தை அலை அடித்துக்கொண்டு போனது. ஐஸுவில் இருந்த ஆய்வுக்கூடம் ஒன்றுக்குச் சோதனைக்காக முன்பே அனுப்பியிருந்த, மதுவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் மட்டும் தப்பியது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து மாகாணமான யமகத்தாவில் தொழிலைத் தொடர்ந்தார்கள். 2021-இல் நமியேயின் சாலையோர விற்பனை நிலையத்தில் மறுபடி வடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் நமியேயின் ஓபோரி-சோமா மட்பாண்டங்களும் விற்கின்றன. மெருகில் வலைபோல் வெடிப்பு ஓட, ஓடும் குதிரை வரைந்த குவளைகள். இந்தக் கடைகள் தரும் வேலை மிகக் கொஞ்சம். ஆனால் வடிப்பவருக்கு அரிசி வேண்டும், குயவருக்கு வாங்க வருபவர் வேண்டும், வருபவருக்குச் சோறு வேண்டும். ரோபோ களத்துக்குத் தேவையான பொருள்கள் உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பவை அல்லவே.

வரலாறு படித்த வாசகர்: செர்னோபில் வட்டாரத்தில் உருப்படியாக மீண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

பதில்: சிறியதாக ஒன்று சொல்கிறேன். பெலாரஸில் ஸ்தோலின் மாவட்டத்து ஓல்மானி கிராமத்தில் பசுக்களின் பாலில் சீசியம் அதிகம். பால் விற்பனை முடங்கியது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தாய்மார்களுக்குத் தெரியவில்லை. 1996-இல் அங்கே போன பிரெஞ்சுக் குழு ஒன்று, அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு அளவிடும் கருவியைக் கிராமத்தாரிடம் கொடுத்தது. எந்த மேய்ச்சல் நிலத்துப் புல், எந்த மாதத்து வைக்கோல், யார் வீட்டுப் பால் என்று அவர்களே எழுதிவைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வெளிகளுக்கிடையே பெரும் வேறுபாடு இருந்தது தெரிந்தது. ஆகவே கறவைக்கு ஒரு வெளி, மற்ற மாட்டுக்கு வேறு வெளி என்று மாற்ற முடிந்தது. ‘பால் கெட்டது’ என்ற ஒரே தீர்ப்பு, ‘இந்தப் பால் இன்று இவ்வளவு’ என்று பிரிந்தது. 2011-இன் இறுதியில் ஃபுகுஷிமாவில் தொடங்கிய கதிர்வீச்சுக் காப்புக் கலந்துரையாடல்களில் பெலாரஸ்காரர்களும் நார்வேக்காரர்களும் இந்த அனுபவத்தைத்தான் கொண்டுவந்து பகிர்ந்தார்கள்.

நார்வேயின் வழி வேறு. செர்னோபில் தூசு படிந்த பாசியை மேய்ந்த கலைமான்களின் இறைச்சியை விற்க முடியாமல், அதையே வாழ்வாகக் கொண்ட, ‘சாமி’ என்ற பழங்குடி மக்கள் திகைத்தார்கள். 1986-இலேயே நார்வே அந்த இறைச்சிக்கான வரம்பைக் கிலோவுக்கு 600 பெக்கரலிலிருந்து 6,000-க்கு உயர்த்தியது. கேட்பவருக்கு இது அநியாயமாகத் தெரியும். அவர்கள் போட்ட கணக்கு இது: சராசரி நார்வேக்காரர் ஆண்டில் அதை மிகக் குறைவாகவே உண்கிறார், அன்றாடம் உண்ணும் சாமிக் குடும்பங்களுக்குத் தனி உணவு அறிவுரை கொடுத்தால் போதும். கூடவே, வெட்டுவதற்கு முன் மானுக்குச் சுத்தத் தீனியும், சீசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பிரஷ்ய நீலம் என்ற பொருளும் கொடுத்து அளவைக் குறைத்தார்கள். ஜப்பான் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே கடுமையான வரம்பு வைத்து நம்பிக்கையைத் தேடியது. நார்வே ஒரு சமூகத்தின் தொழிலைக் காப்பதற்காக வரம்பைத் தளர்த்தியது. இரண்டில் எது சரி என்று அவரவர் ஊர் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

ஸ்லாவுதிச் நகரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாங்கள் வாழ்ந்த பிரிபியத் நகரை இழந்த உலைத் தொழிலாளர்களுக்காக, சோவியத் குடியரசுகள் எட்டு சேர்ந்து கட்டிக் கொடுத்த அழகான ஊர் அது. 2000 டிசம்பர் 15 அன்று செர்னோபிலின் கடைசி உலை நின்றதும் அந்த ஊரின் வேலையும் பெரும்பாலும் நின்றது.

தலைமையாசிரியை: பள்ளிக்கூடம் திறந்தால் ஊர் திரும்பும் என்பது என் நம்பிக்கை. அங்கே அப்படி நடந்ததா?

பதில்: நமியேயில் 2018 ஏப்ரலில் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் சேர்ந்த புதிய பள்ளி திறந்தபோது சேர்ந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர், விபத்துக்கு முன் அந்த ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பழைய பள்ளிக் கட்டடங்களில் பல இடிக்கப்பட்டுவிட்டன. இடிப்பதற்கு முன் பழைய மாணவர்களை உள்ளே விட்டார்கள். 2011 மார்ச்சில் அலமாரியில் வைத்த புத்தகப்பை அப்படியே இருந்தது.

ஒகுமாவின் பள்ளி வெளியேற்றத்தோடு மலைக்கு அப்பாலிருந்த ஐஸுவகமத்ஸுவுக்குப் போய், அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் நடந்து, 2023-இல் ஊருக்குத் திரும்பியது. நூலகத்தையே நடுக்கூடமாக வைத்துக் கட்டிய அந்தப் பள்ளியில் குழந்தைக் காப்பகம் முதல் ஒன்பதாம் வகுப்புவரை ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அதைப் பார்த்து வேறு ஊர்களிலிருந்து குடியேறிய பெற்றோர் உண்டு. ஆகவே உங்கள் நம்பிக்கை பாதி பலித்திருக்கிறது என்று சொல்வேன். பள்ளி பழைய ஆள்களைவிடப் புதிய ஆள்களைத்தான் கூட்டிவந்திருக்கிறது. பெற்றோருக்கு வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர், பால் வாங்க ஒரு கடை ஆகிய மூன்றும் இல்லாமல் பள்ளி மட்டும் திறந்தால் இதுகூட நடந்திராது. தொமியோக்காவில் அவசர சிகிச்சைக்கான மருத்துவமனை 2018-இலும், நமியேயில் பெரிய அங்காடி 2019-இலும், ஜோபான் இருப்புப் பாதை முழுவதும் 2020 மார்ச்சிலும் திறந்த பிறகே குடியேற்றம் பேசும் நிலைக்கு வந்தது.

அரசும் 2021 முதல் கணக்கை மாற்றிக்கொண்டது. போனவர்களை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருக்காமல், வெளியேற்ற ஆணைக்கு உட்பட்ட 12 ஊர்களுக்குப் புதிதாக வரும் குடும்பத்துக்கு 20 லட்சம் யென் வரையும், தனியாள் என்றால் 12 லட்சம் யென் வரையும், தொழில் தொடங்கினால் அதற்கு 40 லட்சம் யென் வரையும் உதவித்தொகை தருகிறது. ஐந்து ஆண்டுகளாவது அங்கே வாழும் எண்ணத்தோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் வந்த குடும்பங்களுக்கு அந்த ஐந்து ஆண்டு 2026-இல் முடிகிறது.